கட்டிங் சாய் பதில்கள்: கழுவி வந்த டப்பா

போன இதழ்ல "அடுத்த தடவை சினிமா, சீரியல் திரைக்கதை பத்தி மட்டும் கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டேன், இவ்ளோ வரும்னு நினைக்கல, வாட்ஸ்அப்ல வந்ததை பிரிண்ட் எடுத்து தச்சா பைண்ட் பண்ணின ஒரு முழு ஸ்கிரிப்ட் தேறும். அதுல பாதி "என் பொண்ணு நல்லா டான்ஸ் ஆடுவா, யார்கிட்டயாவது சொல்லி விடுங்க" ரகம். அது என் டிபார்ட்மென்ட் இல்லைங்க, என்னையே யார்கிட்டயாவது சொல்லி விடணும். மிச்சத்துல இருந்து சிலது.

படம் பார்த்துட்டு வந்து "கதை ஓகே, திரைக்கதை சொதப்பல்"ங்கறான் என் பையன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. என்னதான் வித்தியாசம்? (வாசகி, செம்பூர்)

யூடியூப் விமர்சனத்துல கேட்டதை அப்படியே சொல்றானோ என்னவோ, ஆனா நீங்க கேட்டது சரியான கேள்விம்மா.

ஒரு கதை சொல்றேன். அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, வீட்டுல சொல்லாம தினமும் கிளம்பிப் போறாரு, பொண்ணுக்குத் தெரிஞ்சிடுது. அவ்ளோதான், இதுல புதுசா ஒண்ணும் இல்ல, உங்க பில்டிங்லயே ஒரு வீட்டுல நடந்திருக்கும். இப்ப பொண்ணுக்கு எப்படித் தெரியுது? முதல்ல எல்லாருக்கும் தோணுறது, அப்பா பால்கனில போன் பேசுறாரு, பொண்ணு கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுடுறா. எனக்கும் அதுதான் முதல்ல தோணுச்சு, எழுதிட்டு நானே கிழிச்சுப் போட்டேன். ரெண்டாவது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து "உங்கப்பாவ மத்தியானம் ஃபைவ் கார்டன்ஸ்ல பெஞ்சுல பார்த்தேனே"ங்கறாங்க. பரவாயில்ல, ஆனா தகவல் யாரோ வந்து தட்டுல வச்சுக் குடுத்த மாதிரி இருக்கு, பொண்ணுக்கு அதுல ஒரு வேலையும் இல்ல.

மூணாவது இது. அப்பா சாயங்காலம் வந்ததும் சாப்பாட்டு டப்பாவ அப்படியே சிங்க்ல போட்டுட்டுப் போயிடுற ஆளு. உள்ள சாம்பார் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், முருங்கைக்காய் சக்கை கிடக்கும், அத ஊற வச்சு தேய்க்கிறது பொண்ணோட டூட்டி, தினமும் முணுமுணுத்துக்கிட்டே தேய்ப்பா. இத முன்னாடியே ஒரு தடவை, சும்மா காமெடி மாதிரி, காட்டி வச்சிடணும். அப்புறம் ஒரு நாள் டப்பாவத் தொறக்குறா, பளிச்சுன்னு கழுவி இருக்கு. ஆபீஸ்ல அவசரமா அள்ளிப் போட்டுக்கிட்டு எழுந்திரிக்கிற மனுஷனுக்கு டப்பா கழுவ எங்க நேரம், கையில நேரம் நிறைய இருக்கறவன்தான் கழுவுவான். பொண்ணு டப்பாவப் பார்த்துக்கிட்டே நிக்கிறா. அம்மா ரூம்ல இருந்து வர்ற சத்தம் கேக்குது. சட்டுன்னு அடுப்பு மேல இருக்கற குழம்பு ஒரு கரண்டி எடுத்து டப்பாவுக்குள்ள ஊத்தி, சுத்தி விட்டு, சிங்க்ல போடுறா. அம்மா வந்து எட்டிப் பார்த்துட்டு "இந்த மனுஷன் ஒரு நாளாவது கழுவிக் கொண்டு வர்றாரா பாரு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

கதை மாறவே இல்ல பாருங்க, அதே மூணு வரிதான். ஆனா யாருக்கு எது எப்பத் தெரியுது, அது தெரிஞ்சதும் அவங்க கை என்ன பண்ணுது, இத முடிவு பண்றதுதான் திரைக்கதை. இதுலயே இன்னொரு திருகு இருக்கு. அப்பா பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டு, பைப்புல டப்பாவக் கழுவுறத நமக்கு முன்னாடியே காட்டிட்டோம்னு வைங்க, சாயங்காலம் பொண்ணு மூடியத் தொறக்கும்போது "அய்யோ கண்டுபிடிச்சிடுவாளே"ன்னு நாம அப்பா பக்கம் நின்னு பதறுவோம். காட்டலைன்னா, டப்பாவத் தொறக்குற அந்த நிமிஷம் அவளோட சேர்ந்து நமக்கும் தூக்கிவாரிப் போடும். ஒரே ஒரு சீனை முன்னாடி வைக்கிறதா விடுறதாங்கறதுல அது அப்பா படமா பொண்ணு படமான்னே மாறிடுது. உங்க பையன் அடுத்த தடவை சொதப்பல்னு சொன்னா, எந்த சீன்ல எது சீக்கிரம் தெரிஞ்சு போச்சு, எது லேட்டாத் தெரிஞ்சுதுன்னு கேளுங்க, பதில் வந்தா பையன் உருப்படுவான்.

பராசக்தி கோர்ட் வசனத்தை இன்னிக்கும் முழுசா ஒப்பிப்பேன், வயசு 81. இப்ப வர்ற படத்துல ஒரு வரி மனசுல நிக்கறதா? எழுதறவனுக்கு வேலையே இல்லாமப் போயிடுத்தோ? (வாசகர், மாட்டுங்கா)

நமஸ்காரம் மாமா. நீங்க ஒப்பிக்கிறத ஒரு நாள் வந்து கேக்கணும், காபியும் வேணும்.

எங்க வீட்டுல ஒரு டேப் ரிக்கார்டர் இருந்துச்சு, அதுல கதை வசன கேசட் போட்டு போட்டு பாதிப் படத்த நான் பார்க்கறதுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சவன். ரேடியோவுல ஒலிச்சித்திரம் போட்டா தெருவே காது குடுக்கும். அப்படி கேட்ட ஒரு படத்த அப்புறம் தியேட்டர்ல பார்த்தப்ப எனக்கு ஒரு அதிர்ச்சி. கேசட்ல எங்க வெறும் மியூசிக் ஓடிக்கிட்டு இருந்துச்சோ, நான் போர் அடிக்குதுன்னு ஓட்டி விட்டேனோ, அங்கதான் படமே இருந்துச்சு. யாரோ யாரையோ பார்க்குறாங்க, ஒருத்தர் லெட்டரை மடிச்சு உள்ள வைக்கிறாரு. கேசட்ல இது எதுவும் வராது, ஆனா இதையும் ஒருத்தர் உக்காந்து எழுதித்தான் இருக்காரு.

1952-ல வந்த பராசக்தியையே எடுத்துக்கோங்களேன். கலைஞர் வசனம் நெருப்புதான், சந்தேகமே இல்ல. ஆனா குணசேகரன் கூண்டுல நின்னு சொல்ற கஷ்டத்துல நமக்குப் புதுசா என்ன இருக்கு? எல்லாத்தையும் அவன்கூடவே நடந்து பார்த்துட்டு வந்திருக்கோம். அதெல்லாம் பார்க்காதவங்க அந்த கோர்ட்ல இருந்தவங்க மட்டும்தான். நமக்குத் தெரிஞ்சதை, தெரியாதவங்க மூஞ்சிக்கு நேரா அவன் சொல்றான் பாருங்க, அதனாலதான் கை தட்டுனாங்க. அதே வசனத்த படத்தோட முதல் சீன்ல வச்சிருந்தா, எவ்ளோ அடுக்குமொழியா இருந்தாலும், "யாருப்பா இவன்"னு கேட்டுட்டு வேர்க்கடலை வாங்கப் போயிருப்பாங்க.

இதெல்லாம் சினிமாக்காரன் கண்டுபிடிச்சதும் இல்ல மாமா, உங்களுக்குத் தெரியாததா. "கண்டேன் சீதையை" கதைய நாம சொல்லிக்கிட்டே இருக்கோம், முதல் வார்த்தையிலயே ராமனோட தவிப்பத் தீர்த்துட்டான் அனுமன்னு. ஆனா கம்பர்ல அதுக்கு முந்தி ஒண்ணு வருது, சுந்தர காண்டத்துல திருவடி தொழுத படலம். திரும்பி வந்த அனுமன் நேரா ராமன் கால்ல விழல. சீதை இருக்கற திசையப் பார்த்து கைகூப்பி தரையில விழுந்து கும்பிடுறான். ராமன் அதப் பார்க்குறான், பார்த்ததுமே சீதை நல்லா இருக்கா, இவன் அவளப் பார்த்துட்டான்னு புரிஞ்சிடுது. அப்புறம்தான் பேச்சே. ஆக்‌ஷன் முதல்ல, டயலாக் பின்னாடி. அதுலயும் கேக்குற நமக்கு அவன் சீதையப் பார்த்தது ஏற்கெனவே தெரியும், தெரியாதவன் ராமன் ஒருத்தன்தான், அதனால நம்ம கண்ணு முழுக்க ராமன் மூஞ்சி மேல. நான் ரைட்டர் ரூம்ல சின்னப் பசங்களுக்கு அமெரிக்காக்காரன் புத்தகத்த விட இததான் முதல்ல சொல்லிக் குடுப்பேன்.

இப்ப வர்ற படத்துல வசனம் நிக்கலைங்கறது, சில படத்துக்கு உண்மை, ஒத்துக்கறேன். சிலதுல வசனம் நிக்கலைன்னா நிக்க வேணாம்னுதான் எழுதியிருக்காங்க.

வீட்டுல அம்மாவுக்கு தமிழ் சீரியல், மனைவிக்கு ஹிந்தி சீரியல். ரெண்டுலயும் "அவன் வந்துட்டான்"னு ஒருத்தர் சொன்னா ஏழு பேர் மூஞ்சிய மூணு தடவை காட்டுறாங்க. இதுக்கெல்லாம் ரைட்டர்னு ஒருத்தர் இருக்காரா சார்? (டோம்பிவிலி ஃபாஸ்ட் லோக்கல்காரர்)

ஒருத்தர் இல்ல சார், மூணு பேர். கதை ஒருத்தர், திரைக்கதை ஒருத்தர், வசனம் ஒருத்தர். மும்பையில இதுல ஒரு வேடிக்கை, ஹிந்தி சீரியலோட திரைக்கதை பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும், வசனம் ஹிந்தி, ஆனா அதையும் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருப்பாங்க. நான் சில வருஷம் அந்த மூணாவது ஆளோட அசிஸ்டென்ட்டா இருந்தேன், ஒரு தமிழன் ஹிந்தி மாமியாருக்கு வசனம் எழுதுற கொடுமையெல்லாம் தனியா ஒரு இதழ் போடலாம்.

கிண்டல் பண்றதுக்கு முன்னாடி உங்க அம்மா எப்படி சீரியல் பார்க்குறாங்கன்னு ஒரு தடவை பாருங்க. கையில கொத்தவரங்கா, மடியில தட்டு, குக்கர் ரெண்டாவது விசில், நடுவுல பால்காரன் பெல் அடிக்கிறான். அவங்க பார்க்கறத விட கேக்குறதுதான் அதிகம். அதனாலதான் "அவன்"னு மட்டும் நிறுத்தாம பேரு, உறவு எல்லாம் திரும்பத் திரும்ப சொல்லுவாங்க, அந்த மூணு தடவை மூஞ்சியும் கிச்சன்ல இருந்து ஓடி வர்றதுக்கு குடுக்குற டைம்னு வச்சுக்கோங்க. அரை மணி ஸ்லாட்ல விளம்பரம் போக 22 நிமிஷம் சொச்சம், அதுல ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னாடி ஒரு கொக்கி, கடைசில பெரிய கொக்கி, வாரத்துல அஞ்சாறு நாள், வியாழக்கிழமையானா ரேட்டிங் வந்து உக்காரும், நம்பர் சரியில்லைன்னா மூணு மாசத்துக்கு யோசிச்சு வச்ச ட்ராக் ஒரே போன் கால்ல போயிடும். தியேட்டர்ல கதவச் சாத்தி இருட்டுல உக்கார வச்சு கதை சொல்றவன் வேலையும் இதுவும் ஒண்ணாகுமா.

ஒரு நாள் மீரா ரோடு செட்டுல நடந்தது. அந்த வாரம் முழுக்க மாமியார் கேரக்டர் மேலதான் கதை, வெள்ளிக்கிழமை எபிசோட்ல அவங்க மருமக கிட்ட மனசு விட்டுப் பேசி மன்னிப்பு கேக்கணும், அதுக்கு நாலு பக்க வசனம் ரெடி. காலையில எட்டு மணிக்கு போன், அந்த அம்மாவுக்கு டெங்கு, ஒரு வாரம் வர மாட்டாங்க. மத்தியானம் ஷூட். எல்லாரும் போன் கால்ல பேச விடலாம், லெட்டர் எழுதிட்டு தீர்த்த யாத்திரை போயிட்டாங்கன்னு சொல்லலாம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எங்க சீனியர் ரைட்டர், ஒரு லேடி, பேர வெளில சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, சாய குடிச்சு முடிச்சுட்டு கேட்டாங்க, "இந்த மாமியார் இடுப்புல இருந்து எறக்காத பொருள் எது?" சாவிக் கொத்து. இருநூறு எபிசோடா எறக்கல. சரி, ஆளு யாத்திரை போயாச்சு, மருமக காலையில எழுந்து பார்க்குறா, தலகாணிக்குப் பக்கத்துல சாவிக் கொத்து. நாலு பக்க வசனம் குப்பைக்குப் போச்சு. சீன் ஒன்றரை நிமிஷம் கூட இல்ல, அந்த சீரியல்லயே நான் கண்ணு கலங்கினது அதுக்கு மட்டும்தான், அதுவும் ஒரு கொசு புண்ணியத்துல.

இந்த நாட்டுல சீரியல்னு ஒண்ணு பிடிச்சு நின்னதே எழுத்தாலதான் சார். 1984 ஜூலை 7-ஆம் தேதி தூர்தர்ஷன்ல ஹம் லோக் ஆரம்பிச்சப்ப அத எழுதினது மனோகர் ஷ்யாம் ஜோஷி, ஹிந்தி நாவலாசிரியர். ஒவ்வொரு எபிசோட் முடிவுலயும் அசோக் குமார் வந்து உங்க வீட்டு தாத்தா மாதிரி ரெண்டு வார்த்தை பேசுவாரு. டெல்லில இருந்த எங்க சித்தப்பா ஹிந்தி கத்துக்கிட்டதே அத வச்சுதான்.

அரோரா தியேட்டர்ல விசிலடிச்சு பார்த்த ரஜினி படமெல்லாம் ஹிந்தி ரீமேக்குன்னு பையன் கேலி பண்ணுதான். மானத்தைக் காப்பாத்துங்க தம்பி. (அண்ணாச்சி, தாராவி 90 ஃபீட் ரோடு)

அண்ணாச்சி, பையன் சொல்றது பாதி உண்மை. சலீம் ஜாவேத்னு ரெண்டு ரைட்டர் சேர்ந்து எழுதின தீவார் 1975, இங்க தீ 1981. டான் 1978, இங்க பில்லா 1980. ஜஞ்சீர் 1973, அடுத்த வருஷமே நம்ம வாத்தியாரு சிரித்து வாழ வேண்டும். அதுல ஒரு விஷயம் பையன் கிட்ட சொல்லுங்க. ஹிந்தில இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பதான்காரனுக்கும் நடுவுல ஒரு நட்பு, அமிதாப்பும் பிராணும். தமிழ்ல ரெண்டு வேஷமும் எம்.ஜி.ஆரே. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பேர் மோதி, மரியாதை வந்து, நண்பனாகுற கதைய ஒரே ஆள வச்சு எழுதணும், ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல நிக்கிறதே கேமரா தந்திரம், அதனால யார் எப்ப உள்ள வரணும், யார் எப்ப வெளில போகணும்னு கணக்குப் போட்டே எழுதியாகணும். ரீமேக்னா கார்பன் காப்பின்னு நினைக்கிறவங்களுக்கு இது புரியாது.

மிச்ச பாதி, இங்கிருந்து அங்க போனது. பாக்யராஜோட அந்த 7 நாட்கள் 1981, ஹிந்தில வோ சாத் தின் 1983. நம்ம ஹீரோ பாலக்காட்டு மாதவன், மலையாளம் கலந்து பேசுற சங்கீதக்காரன், மெட்ராஸ்ல வாய்ப்பு தேடி வந்தவன். மும்பை ஆளுக்கு பாலக்காடு என்ன தெரியும்? அங்க அவன பாட்டியாலாக்காரனா மாத்திட்டாங்க, பஞ்சாபி வாடையோட ஒரு வெகுளி. ஊரு மாறிச்சு, பேச்சு மாறிச்சு, ஆனா "பெரிய ஊருக்கு வந்த வெளியூர்க்காரன், ஏமாத்தத் தெரியாதவன்"ங்கற எலும்பு மாறல. எது எலும்பு, எது சட்டைன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சாத்தான் ரீமேக் பண்ண முடியும். நம்ம தாராவிக்காரனுக்கு இது நல்லாப் புரியும், நாம எல்லாருமே அந்த மாதவன்தானே.

கேலி பண்ற பையனுக்கு இன்னொண்ணு. ஜஞ்சீர் போஸ்டர்ல சலீம் ஜாவேத் பேரே இல்ல, அந்தக் காலத்துல ரைட்டர் பேர யாரு போட்டா. ரெண்டு பேரும் ஒரு பெயிண்டரப் பிடிச்சு பம்பாய் முழுக்க ஒட்டியிருந்த போஸ்டர்ல "எழுதியது சலீம் ஜாவேத்"னு அடிக்கச் சொல்லிட்டாங்க. அவசரத்துல அந்த ஆளு அமிதாப் மூஞ்சி மேல, பிராண் மூஞ்சி மேல எல்லாம் அடிச்சு வச்சான்னு ஜாவேத் சாபே சொல்லிச் சிரிச்சிருக்காரு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர்கிட்ட நான் சொன்ன கதை இப்ப வேற பேர்ல படமா வந்திருக்கு. கேஸ் போடலாமா? (பேர் வேண்டாம், கரோல் பாக், புது டெல்லி)

வக்கீலப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்லயே நடந்த ஒரு கேஸ் சொல்றேன். ஆர்.ஜி.ஆனந்த்னு ஒரு நாடக ஆசிரியர், 1953-ல ஹம் ஹிந்துஸ்தானின்னு நாடகம் எழுதி அடுத்த வருஷம் டெல்லில மேடையேத்தினாரு. பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம், பசங்க காதலிக்கிறாங்க, பெத்தவங்க குதிக்கிறாங்க. 1956-ல நியூ டெல்லின்னு ஹிந்திப் படம், கிஷோர் குமார் பஞ்சாபிப் பையன், வைஜெயந்திமாலா தமிழ்ப் பொண்ணு. என் நாடகம்தான்னு கோர்ட்டுக்குப் போனாரு. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1978-ல தீர்ப்பு, அவர் தோத்துட்டாரு. மாகாண வெறிங்கற கருத்து ரெண்டுலயும் இருக்கு, ஆனா கருத்துக்கு காப்பிரைட் கிடையாது, அத எப்படி சொல்லியிருக்காங்கங்கறதுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. படத்துல வெளி மாநிலத்தான்னு வீடு குடுக்காதது, வரதட்சணைன்னு நாடகத்துல இல்லாதது எல்லாம் இருந்துச்சு. இன்னிக்கும் கதைத் திருட்டு கேஸ்னா முதல்ல இந்தத் தீர்ப்பத்தான் எடுத்து வைப்பாங்க.

அதாவது "வேலை போன அப்பா"வ யார் வேணா எழுதலாம். கழுவின டப்பாவுல குழம்பு ஊத்துறதும், அதுக்கு முன்னயும் பின்னயும் வர்ற சீனெல்லாம் அதே வரிசையில அப்படியே வந்திருந்தாத்தான் கேள்வி. நீங்க வாயால சொன்னேன்னு எழுதியிருக்கீங்க, பேப்பர்ல ஒண்ணும் இல்லைன்னா ரொம்பக் கஷ்டம். இனிமே ஒரு பக்கமானாலும் எழுதி, மெயில்ல அனுப்பிட்டு, அப்புறம் வாயத் தொறங்க. அந்தேரில ஸ்க்ரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன் இருக்கு, மெம்பர் ஆனா ஆன்லைன்லயே ஸ்கிரிப்ட் பதிவு பண்ணலாம், இந்தத் தேதில இது உங்க கையில இருந்துச்சுங்கறதுக்கு சாட்சி.

அண்ணா, எனக்கு திரைக்கதை எழுதக் கத்துக்கணும். எந்த சாஃப்ட்வேர் நல்லது? (காலேஜ் மாணவி, நெருல்)

சாஃப்ட்வேர் எதுவானாலும் சரிம்மா, ஃப்ரீயா கிடைக்கிறதே போதும். ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு ஒரு உத்தேசக் கணக்கு இருக்கு, அது இங்கிலீஷ்ல அவங்க எழுத்து அளவுல சொன்னது, தமிழ்ல அடிச்சா அப்படியே ஒத்து வராது, அத நம்பி மணி பார்க்காத.

நம்ம ஊர் பழைய ஆளுங்க பேப்பர நடுவுல மடிச்சு இடது பக்கம் ஆக்‌ஷன், வலது பக்கம் டயலாக்னு எழுதுவாங்க. நீயும் கொஞ்ச நாள் அப்படி எழுது. எழுதி முடிச்சதும் வலது பக்கத்த கையால மூடிட்டு இடது பக்கத்த மட்டும் படி. "அவள் நிற்கிறாள், அவன் பார்க்கிறான்"னு மட்டும் இருந்தா நீ எழுதினது ரேடியோ நாடகம்.

பார்க்கறதுக்கு ஒரு வழி. உனக்கு மனப்பாடமா தெரிஞ்ச படமா ஒண்ணு எடு, புதுசு வேணாம், புதுசுல கதை இழுத்துட்டுப் போயிடும். சவுண்ட ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் பாரு. ஒவ்வொரு சீன் முடிஞ்சதும் நிறுத்திட்டு நோட்டுல ரெண்டே வரி, இந்த சீனுக்கு முன்னாடி இவனுக்குத் தெரியாதது இப்ப என்ன தெரிஞ்சுது, இது நமக்கு முன்னாடியே தெரியுமா தெரியாதா. எழுத ஒண்ணும் இல்லாத சீன் வந்தா அதுக்கு ஒரு சுழி. சுழி வந்த இடத்துலதான் போன தடவை நீ பாப்கார்ன் வாங்கப் போயிருப்ப, யோசிச்சுப் பாரு. இன்டர்வெல்லுக்கு முந்தின சீன மட்டும் நாலஞ்சு படத்துல தனியா எடுத்து வச்சுப் பாரு, அது நம்ம நாட்டுக்கே உரிய தொழில், ஹாலிவுட் புத்தகத்துல தேடினாலும் கிடைக்காது, ஜனங்க பாதில எழுந்து போயி சமோசா தின்னுட்டு திரும்பி வரணுமே.

அப்புறம் லேடீஸ் கம்பார்ட்மென்ட். நெருல்ல இருந்து சி.எஸ்.எம்.டி வரைக்கும் ஹார்பர் லைன்ல உனக்கு தினமும் ஓசில கிளாஸ் நடக்குது. ரெண்டு பேர் நாத்தனாரப் பத்திப் பேசுறாங்கன்னு வை, யாரு யாருன்னு உனக்கு ஒண்ணும் தெரியாது, குர்லா தாண்டறதுக்குள்ள மொத்தக் குடும்பமும் உனக்கு அத்துப்படி. எந்த வார்த்தையில தெரிஞ்சுது? அத மட்டும் எழுதி வை. பேர எழுதாத, பாவம்.

ஏஐ-யே திரைக்கதை எழுதிடுது, இனி உங்க ஆளுங்க என்ன பண்ணப் போறீங்க? (ஐடி நண்பர், பவாய்)

2023-ல அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, மே 2-ல இருந்து செப்டம்பர் 27 வரைக்கும், அவங்க கேட்டதுல இதுவும் ஒண்ணு, மெஷின ரைட்டர்னு கணக்குல எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. நான் கூட ஒரு நாள் அந்த வேலை போன அப்பா கதைய அதுகிட்ட குடுத்துப் பார்த்தேன். பால்கனி போன் சீன் வந்துச்சு. நானும் முதல்ல அததான் எழுதினேங்கறதால அதத் திட்ட மனசு வரல.

உங்க பேர எந்தப் படத்துல பார்க்கலாம்? இவ்ளோ பேசுறீங்களே! (வாசகர், முலுண்டு)

நியாயம்தான். சீரியல்ல ஒரே ஒரு எபிசோட்ல முழுசா என் பேரு வந்திருக்கு. முதல் கேள்விக்கு சொன்னேனே டப்பா சீன், அது அதுலதான் இருந்துச்சு. அன்னிக்கு எங்க அம்மா சாயங்காலமே விளக்கேத்தி, பக்கத்து வீட்டு ரெண்டு மாமிகளையும் கூப்பிட்டு வச்சு, டிவி முன்னாடி உக்காந்தாங்க. எபிசோட் முடிஞ்சு பேரு ஓட ஆரம்பிச்சதும் சேனல்காரன் அத ஸ்டாம்ப் சைசுக்கு சுருக்கி ஒரு ஓரத்துல தள்ளிட்டு அடுத்த ப்ரோக்ராம் ப்ரோமோவப் போட்டுட்டான். அம்மா கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு கிட்டப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

சரி, இதுல நீ எழுதினது எதுடான்னாங்க. அந்தப் பொண்ணு டப்பாவுல குழம்பு ஊத்தினாளே, அதும்மான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அதுல அந்த அம்மாக்காரி ஒரே ஒரு வரிதானேடா பேசுறா, அதுக்கா உனக்குக் காசு குடுத்தான்?"

மாமிங்க ரெண்டு பேரும் என்னையே பார்த்தாங்க. காசு இன்னும் வரலைங்கறத நான் சொல்லல.